சபையார் சொல்ல வேண்டியது

ஞாயிறு காலை எங்கள் ஸ்கூட்டருக்கு மூன்று நிறுத்தம்.
புதூர் மாதா கோயில் வாசலில் சலேத்,
ஆரப்பாளையத்தில் தங்கை ஹெப்சிபா, அவள் பையன்,
பிறகு நரிமேட்டுக்கு நான் மட்டும்.
இதற்காக வைகையை இரண்டு முறை கடக்கிறேன்,
தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
மனைவிக்குச் சாமியார், தங்கைக்குப் பாஸ்டர், எனக்கு ஐயர்.
பெட்ரோல் மட்டும் பொது.

கேட்கிறவர்களுக்குச் சொல்லக் காரணங்கள் வைத்திருக்கிறோம்.
ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா,
மாதாவிடம் மன்றாடலாமா கூடாதா,
எல்லாவற்றுக்கும் வசனம் உண்டு, எண்ணோடு.
அதெல்லாம் பின்னால் வந்தவை.

முன்னால் வந்தது இது:
மின்வாரியக் குடியிருப்பின் மாமரத்திலிருந்து
நானும் தங்கையும் ஒன்றாக விழுந்தோம்.
அவள் அழுத அழுகைக்கு
மூன்றாம் பிளாக்கிலிருந்து சொம்போடு ஓடி வந்தார்கள்.
நான் முழங்கையை மடக்கிக்கொண்டு
உள்ளே போய் மீதிக் கணக்கைப் போட்டேன்.
எலும்பு விரிசல் என்று
மறுநாள்தான் தெரிந்தது.

அவளுக்கு டயர்க்கடை மாடி ஹால்.
பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு
துள்ள இடம் இருக்கிறது அங்கே.
எனக்கு அச்சிட்ட புத்தகம்.
ஐயர் ஒரு வரி, சபையார் ஒரு வரி,
அடுத்து என்ன வரும் என்று தெரியும்.
பாவ அறிக்கைகூடப் பன்மையில் இருக்கும்.
‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள்
இருபத்தாறு வருடமாக ஒளிந்திருக்கிறேன்.

ஒரே ஒருமுறை அவளோடு மாடி ஏறினேன்.
‘கைகளை உயர்த்துவோம்’ என்றார் பாஸ்டர்.
என் கை சட்டைப்பை வரை வந்தது,
பேனா இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

சலேத்துக்கோ எதையாவது தொட்டாக வேண்டும்.
பேச்சுக்கு நடுவிலும் அரிசியில் கல் பொறுக்குகிறவள்.
மெழுகு, மணி, சுரூபத்தின் தேய்ந்த பாதம்,
விரல் முதலில் போகும்,
மனசு பின்னாலேயே வரும்.
கல்யாணமான புதிதில் நரிமேட்டுக்கு வந்து
வெள்ளைச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.
“இங்க எதப் பிடிச்சுக்கிறது?”

ஐப்பசியில் ரூபனுக்குக் காய்ச்சல்.
பெரியாஸ்பத்திரி, இரண்டாவது மாடி.
தட்டணுக்கள் பதினோராயிரம் என்று
சின்ன டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஹெப்சிபா வாயே திறக்கவில்லை.
பையனின் செருப்புகளை மடியில் வைத்து
வாரை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள்.
சலேத் ஜெபமாலையை
அடுத்த கட்டில் அம்மாளிடம் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு நின்றாள்,
யாருடைய கையோ என்பதுபோல அதைப் பார்த்தபடி.

நான் கீழே இறங்கினேன்.
வண்டிகளுக்கு நடுவில் நின்று கத்தினேன்.
ஜெபம் என்று சொல்ல முடியாது,
ஒரு வினைச்சொல்கூட இல்லை அதில்.
பக்க எண் இல்லை. பன்மை இல்லை.
மூச்சு முட்டி நிறுத்தியபோது
பழக்கதோஷம், காத்திருந்தேன்,
சபையார் சொல்ல வேண்டியதற்கு.

காவலாளி டார்ச்சை முகத்தில் அடித்தார்.
“ஆம்புலன்ஸ் வர்ற வழிண்ணே.
வண்டிய எடுங்க.”

எடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ரூபன் பரோட்டா கேட்டான்.
அதற்கடுத்த ஞாயிறு, டயர்க்கடை மாடி,
ஹெப்சிபா மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள்:
“அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கதறினேன்,
ஆஸ்பத்திரியே கேட்டுச்சு!”
சலேத் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
கடைசி வரிசையில் இருந்த நான் திருத்தவில்லை.
ஆஸ்பத்திரி கேட்டது உண்மைதான்.

எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள்.
நானும் தொட்டுப் பார்த்தேன்.
பேனா இருந்தது.