புள்ளி வரி

பள்ளத்தூர் நகர விடுதி மாடியில்
மின்விசிறி இரண்டாம் எண்ணில்தான் சுற்றும்.
ஒன்றில் நிற்கும், மூன்றில் காகிதம் பறக்கும்.
அதன் கீழே பெர்ல் எழுதுகிறேன்,
மானாமதுரையிலிருந்து நாள்கூலிக்கு வந்தவன்.

ஊரின் புள்ளிக் கணக்கு ஒரே கோப்பு.
கல்யாணமானால் தம்பதி ஒரு புள்ளி.
புள்ளிக்கு ஒரு வரி.
கோயிலுக்குக் கட்டுவதும் வரி,
கோப்பில் ஓடுவதும் வரி.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
தட்டச்சு செய்த கணக்கர் சித்திரவேலு
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
ஒரு புள்ளி வைத்துவிட்டு
ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

புள்ளியில் பிள என்றேன்.
பெர்லுக்குப் புள்ளி என்றால் எந்த எழுத்தும்தான்.
எல்லாவற்றையும் வெட்டித் தள்ளி
வெறுங்கையைக் காட்டியது.
ஊரே காலி.

சாய்கோடு ஒன்றை முட்டுக் கொடுத்தேன்.
ஊர் திரும்பியது, இடம் மாறி.
மெ.சித.வீர.சாத்தப்பன்:
விலாசத்திலும் புள்ளி அல்லவா.
பெயர்க் கட்டத்தில் பூட்டன் உட்கார்ந்துகொண்டார்,
பாட்டன் வட்டகை ஆனார்,
தகப்பனார் தொலைபேசி எண்.
புள்ளி என்ற கட்டத்தில் சாத்தப்பன் நின்றார்;
அது மட்டும் சரி.

இடமிருந்து ஒன்றை உருவினேன், வலமிருந்து மூன்றை.
நடுவில் மிஞ்சியது
எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரு பெயர்.

பெயரைச் சாவியாக்கி ஹேஷில் போட்டபோது
பதினோரு பேரைக் காணோம்.
ஒரே விலாசம், ஒரே பெயர், இரண்டு பங்காளிகள்:
பின்னால் வந்தவர்
முன்னவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
வரிசையும் போச்சு. இந்த ஊரில்
யாருக்கு முதலில் என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் வரிகளை வரிசையிலேயே விட்டேன்.
எதைக் கேட்கிறேனோ அது மட்டும்
கேட்ட நொடியில்
பூஜ்யத்தில் நிற்கும் தலைவரியைப் பார்த்துப் பிரியும்.
வட்டகை என்றால் வட்டகை.
கேட்காதவை சுருட்டிய பாய்.

இன்று காலை உமையாள் வந்தாள்,
கோட்டையூர் வங்கியில் காசாளர்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியேறி.
முந்நூற்றுப் பதினேழாம் வரி.
தை மாதம் கணவர் போய்விட்டார்.
“காசு குறைக்க வரலை.
எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கணும்.”

காட்டினேன்.
பெயர்: அவர்.
புள்ளி: அரை.
“இந்த அரை யாரு?”

நான் திரையைப் பார்த்தேன்.
என் நிரலில் ஒவ்வொரு வாக்கியமும்
அரைப்புள்ளியில்தான் முடிகிறது.
விட்டால் ஓடாது.
இதை அவளிடம் சொல்லவில்லை,
சொன்னால் ஆறுதல் மாதிரி கேட்கும்.

ஹேஷில் புதுச் சாவிக்கு அனுமதி வேண்டாம்.
பெயர் சொல்லி ஒன்றை வை, இருக்கும்.
‘தன்பெயர்’ என்று அடித்தேன்.
அவளே குனிந்து எழுத்தெழுத்தாய்த் தட்டினாள்: உமையாள்.
கேட்டேன், கொடுத்தது.
இன்னொரு தடவை கேளுங்க என்றாள்.
கொடுத்தது.

ஆனால் திரும்ப வரியாகக் கோக்கும்போது
தலைவரியில் இல்லாத சாவி உதிர்ந்துவிடும்.
தலைவரியில் ஒரு சொல் சேர்க்க
நகரக் கூட்டம் கூட வேண்டும்.
வெள்ளிக்கிழமை கூடுகிறார்கள்,
அன்னதானக் கணக்கு முடிந்த பிறகு, நேரமிருந்தால்.

அவள் முழுப் புள்ளிக்கே பணம் கட்டிவிட்டுப் போனாள்.
ரசீது அவர் பெயரில் வந்தது.

நிரலை நான் நிறுத்தவில்லை.
நினைவகத்தில் மட்டும் இருக்கிறது அந்தப் பெயர்.
நாளை ஒன்பது முதல் ஐந்து வரை
பராமரிப்புக்காக மின்தடை என்று
கீழே பலகையில் எழுதியிருக்கிறது.
யூபிஎஸ் எவ்வளவு தாங்கும் என்று
காவல்காரரிடம் கேட்டேன்.
விசிறியைப் போடாவிட்டால்
முக்கால் மணி என்றார்.
விசிறியை நிறுத்தினேன்.