நாற்காலித் தடம்

முதல் லினோ காசு கொடுத்து வாங்கியதில்லை.
பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியைக் காலி செய்தார்கள்.
தரையைப் பெயர்த்து வாசலில் போட்டிருந்தார்கள்.
"எடுத்துக்கங்க, குப்பை வண்டிக்குத்தான் போகுது"
என்றார் வாட்ச்மேன் சற்குணம்.
பாயைப் போலச் சுருட்டினேன். ஓரம் நொறுங்கியது.
ஷேர் ஆட்டோவில் மடியில் நிறுத்தி
ராயபுரம் வரை கட்டிப்பிடித்து வந்தேன்.
பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "புது வீடா?"
ஆமாம் என்றேன்.
பொய் என்று இப்போதும் தோன்றவில்லை.

அதுவரை ஃப்ளெக்ஸ் கடை.
பிறந்தநாளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
அதே ரோஜாப்பூ.
பதினாறடி முகங்களில் பரு அழிப்பது என் வேலை.
தப்பு நடந்தால் இரண்டு விசை:
கண்ட்ரோல், இசட்.
ஒன்பது வருடத்தில் செய்த தப்புகளில்
ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை.

லினோவில் உளி வழுக்கினால் வழுக்கியதுதான்.
என் இடது கட்டைவிரலைக் கேளுங்கள்.

தகட்டைச் சூடாக்கினால் செதுக்குவது சுலபம்
என்று எங்கோ படித்திருந்தேன்.
எழுதியவர் சித்திரை மாதம்
மொட்டைமாடி அறையில் இருந்ததில்லை.
அல்வாவாய்க் குழைந்து கோடு தாங்காமல் போன தகட்டை
மோர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்
ஃப்ரிட்ஜில் வைத்தேன்.
ஐப்பசியில் வேறு வம்பு. மை காயவில்லை.
காசிமேட்டுப் படகுகள் பதினொரு நாள்
கொடியில், கிளிப்பில், பாவாடைகளுக்கு நடுவே
தொட்டால் விரலில் ஏறும் கருப்போடு தொங்கின.

அச்சு இயந்திரத்துக்கு விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.
எவர்சில்வர் கரண்டியின் முதுகால்
வட்டம் வட்டமாகத் தேய்க்கிறேன்.
"ராத்திரி ஒரு மணிக்கு என்னத்த அரைக்கிற?"
கீழ் வீட்டு ஃபிலோமினா அக்கா.
தாளின் ஒரு மூலையை உரிக்கும்போது
சத்தம் வரும், மிகச் சின்னதாக,
காய்ந்த புண்ணிலிருந்து பஞ்சைப் பிரிப்பது போல.
அந்தச் சத்தத்துக்காகத்தான் வேலையை விட்டேன்
என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கடற்கரை ரயில் நிலையப் பலகையைச் செதுக்கினேன்.
எழுத்தைத் திருப்பிப் போட மறந்துபோனேன்.
ஆண்டர்சன் தெருவில் எடைக்கு வாங்கிய தாளில்
எட்டு வீண்.
படகுகளுக்கு மேலே வானத்திலோ
நான்கு வெள்ளை வட்டங்கள்.
மை போதவில்லை என்று மறுபடி உருட்டினேன்.
அங்கேயே, அதே நான்கு.
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோது தெரிந்தது:
நாற்காலிக் கால்கள்.
யாரோ பல வருடம் ஒரே இடத்தில்
அசையாமல் உட்கார்ந்திருந்த பள்ளம்.
அவர் என்ன எழுதினார், எத்தனை பெட்டி எண்ணினார்,
தெரியாது.
என் வானத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர்
படகை வெகுநேரம் பார்த்தார்.
"தாள்ல கோளாறா?"
"இல்லீங்க. நாற்காலி."
பேசாமல் கீழே வைத்துவிட்டார்.
வைத்துவிட்டு
அந்தத் தலைமாறிய பலகையை எடுத்தார்.
பழுதுதான் என்றேன், விலை பாதி என்றேன்.
அவர் ஆம்புலன்ஸுக்குப் பெயர் எழுதுகிறவராம்.
"சரியாத்தாம்மா எழுதியிருக்க.
முன்னால போறவன் கண்ணாடில பாக்கணும்ல?"
முழு விலையும் கொடுத்தார், சில்லறையாக.

வாடகைக்கு இன்னும் ஐந்து நாள்.
லினோ இரண்டடி மிச்சம்.
அதில் ஒரு மேசைக்கால் இருக்கிறது.