தேக்கரண்டி, எண் 4117

ரயில் வராத ஹைதர்பாஷாவில்
மூன்றாம் பிளாட்பாரத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே
குழிக்குள் இறங்கி
கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன்.
மேலே சரளைக்கல், எண்ணெய்க் கறை,
யாரோ துப்பிய சூரியகாந்தி விதைத் தோல்.

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.
ஹிஃப்ஸிக்கு மட்டும் அது இன்னும் கிடக்கிறது.
முப்பத்து மூன்று வருடம் பாயிண்ட்ஸ்மேன்,
இப்போது தினக்கூலிக்கு மண் சுமக்கிறார்.
இல்லாத தண்டவாளத்தைத் தாண்டும்போதும்
இடம் பார்த்து, வலம் பார்த்து,
பிறகுதான் கால் வைப்பார்.

ஒரு சாண் கீழே கண்ணாடி.
பச்சை, தேன்நிறம், விரல்நகம் அளவு ஊதா.
"எழுபத்தொன்பது," என்றார். "நவம்பர். விடியவில்லை.
எதிரே கடலில் இரண்டு கப்பல் முட்டிக்கொண்டன.
தண்ணீர் எரிந்து அன்றுதான் பார்த்தேன்.
வண்ணச் சன்னல்கள் அத்தனையும்
ஒரே தும்மலில் கொட்டின.
வேலைக்குச் சேர்ந்த வருஷம், நான்தான் பெருக்கினேன்."
கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:
"சரியாகப் பெருக்கவில்லை போல."

முழம் ஆழத்தில் கரி.
முதல் யுத்தத்தில் வெடிமருந்து வண்டிகள் வெடித்த கரி.
இரும்பு உருகி நாக்கு நாக்காய்த் தொங்குகிறது.
எந்த நாக்கும் பேசவில்லை.
அதற்குச் சாட்சி சொல்ல ஹிஃப்ஸியும் இல்லை.
மத்தியானம் வரை இருவரும் சும்மா சுரண்டினோம்.

கடல் பக்கத்து மூலையில்
கட்டடத்தின் கால்கள் இருக்கின்றன.
ஜெர்மானியர்கள் வந்து
கடலுக்குள் ஆயிரத்து நூறு மரங்களை அறைந்து
மேலே கோட்டை மாதிரி இதை உட்காரவைத்தார்கள்.
கடிகாரம், படிக்கட்டு, கூரையில் பிடித்த தீ,
பெட்டியோடு இறங்கியவர்கள், வெறுங்கையோடு ஏறியவர்கள்,
எல்லாப் பாரமும்
வெட்டிய பிறகும் நின்றுகொண்டிருக்கும் ஒரு காட்டின் தலையில்.

அதற்கும் கீழே கல்கெதோன். குருடர் ஊர்.
எதிர்க்கரையில் அப்படியொரு மேடு சும்மா கிடக்க
இங்கே வந்து வீடு கட்டினார்களே என்று
பாரசீகத் தளபதி ஒருவன் சிரித்தானாம்.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாய்
அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.
நான் அவர்கள் சாக்கடையைத் துடைத்துப் பார்த்தேன்.
கைத்தண்டை அகலம், ஒரு சொட்டுத் தேங்காத வாட்டம்.
கண் தெரியாதவன் கட்டியதில்லை அது.

கார்ஸ், எர்ஸுரூம், வான் பக்கமிருந்து
கால் மரத்துப்போய் வந்தவர்கள்
படியில் இறங்கியதும் எதிர்க்கரையைத்தான் பார்த்தார்கள்.
காலடியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.
யார் குருடர் என்று
எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

வியாழக்கிழமை, கேபிள் போட்டு மூடிய பள்ளத்தில்,
ரோமானிய ஓட்டுத் துண்டுகளோடு
ஒரு தேக்கரண்டி. காம்பில் ரயில்வே முத்திரை.
எண் போட்டேன்: 4117. நீளம் எழுதினேன். உலோகம் எழுதினேன்.
காலம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"எண்பத்தெட்டு, பிப்ரவரி," என்றார் ஹிஃப்ஸி.
"அங்காரா வண்டி நாலு மணி நேரம் லேட்.
பாயிண்டில் பனி இறுகிவிட்டது.
குனிந்து கொத்தினேன், சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது.
கேன்டீன் ஷெவ்கெத் விடுவானா,
சம்பளத்தில் பிடித்தான்.
ஆகவே இது என்னுடையது."

மண்ணிலிருந்து வருவதெல்லாம் அரசாங்கத்துடையது.
அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
அடுத்த வரியில் 4118, ஓடு, பைசாந்தியம் என்று எழுதினேன்.
முந்தைய வரியில் ஒரு கட்டம் வெள்ளையாக இருக்கிறது.

நாலரைக்குத் தேநீர்.
கண்ணாடிக் குவளையில் இரண்டு கட்டிச் சர்க்கரை
தேவைக்கு மேலேயே கலங்கிக்கொண்டிருந்தது.
எதிர்க்கரைக்குப் புறப்பட்ட படகு ஊதியது.
நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.