சாக்கு எடை

நாற்பது கிலோ நெல்லுக்கு மேலே
சாக்குக்கு அரை கிலோ சொச்சம்.
தராசில் எண் நின்றதும் அதைக் கழித்துத்தான்
பட்டியல் எழுத வேண்டும்.
பருவகால எழுத்தன் நான்.
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரைக் கொள்முதல் நிலையம்.
பகலில், ஈரப்பதம் பதினேழு தாண்டிய குவியலிடம்
"நாளைக்குப் பாக்கலாம்" என்பேன்.
இரவில் தார்ப்பாய்க்குக் காவல்.

காவல் என்றால் விழித்திருப்பது.
விழித்திருப்பது என்றால் போன்.
தை, மாசி, பங்குனி,
பிறகு குறுவைக்கு இரண்டு மாதம்.
இப்படி இரண்டு வருஷம்.
பன்றி விரட்டிய நேரம் போக மிச்ச ராத்திரியெல்லாம்
அதே குகையில் அதே பூதத்தை வெட்டி
ஒரு தோள்கவசம், ஒரு கையுறை என்று சேர்த்தேன்,
எழுபத்தெட்டாம் லெவல் வரைக்கும்.
காசு கொடுத்து வாங்கவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
மலேசியாவில் அண்ணன் இருப்பவன் வாங்கினான்.
எனக்கு இருந்தது நேரமும் கொசுவும்.

என் வாள் பட்டால் நான்கு வினாடி.
சாய்ந்தவன் எழுதுவான்:
"கவசம் அடிச்சுது, நீ அடிக்கல."
சிரித்துக்கொண்டே அடுத்தவனைத் தேடுவேன்.

ஆடி மாதம்.
கல்யாணம் இல்லாத மண்டபம்
மன்னார்குடியில் பாதி வாடகைக்குக் கிடைத்தது.
போட்டி நடத்தியவன் பெயர் சமதர்மன்,
பெயர் வைத்த அப்பா விவசாயச் சங்கம்.
மைக்கில் சொன்னான்:
எல்லாருக்கும் ஒரே கவசம், ஒரே வாள்.
கொண்டுவந்த லெவல் வாசலில் கிடக்கட்டும், செருப்போடு.

கை தூக்கினேன்.
"பத்து மாச ராத்திரி அண்ணே, அது உழைப்பில்லையா?"
"கபடிக்கு எடை போட்டுத்தானே இறக்குறோம்" என்றது ஒரு குரல்.
"எடைதான் பாக்குறோம்,
அவன் தொடையில ஏத்துன பலத்தைக் கழட்டிவைக்கச் சொல்றோமா?"
இது வேறொருவன்.
எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது.
சமதர்மன் கொஞ்சம் யோசித்தான்.
"தொடை அவனோடது. கவசம் சர்வர்காரனோடது."
சரியான பதில்தானா என்று கேட்பதற்குள்
சாம்பார் சாதம் வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்தவள் ரிஸ்வானா.
கூத்தாநல்லூர், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
அவள் போனில் குறுக்கே ஒரு விரிசல்.
என்னுடையது தவணை பாக்கியுள்ள புதுசு.
அதைச் சமப்படுத்தச் சமதர்மனிடமும் விதியில்லை.

மூன்று ஆட்டம், மூன்றும் அவளுக்கு.
நான்கு வினாடிக்குப் பிறகு என்ன செய்வது என்று
என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.
நான் ஓங்கிய இடத்தில் ஒருமுறைகூட
அவள் இல்லை.

என்னிடம் தோற்ற அத்தனை பேரிடமும்
ஒரு சாக்கு இருந்தது.
என்னிடம் இல்லை.
கடைசி பஸ்ஸில் கணக்குப் போட்டேன்:
கழித்தால் நான் எத்தனை கிலோ?

புரட்டாசி. குறுவை வந்து குவிந்து கிடக்கிறது.
ராத்திரி பதினொன்றுக்கு அவளிடமிருந்து அழைப்பு,
திறந்த களத்துக்கு. அங்கே எந்த விதியும் கிடையாது.
அவள் லெவல் முப்பத்தொன்று.
"முழு செட்டோட வாங்க,
எத்தனை வினாடி நிக்கிறேன்னு பாக்கணும்."

பத்தொன்பது நின்றாள்.
சாய்ந்துகொண்டே எழுதினாள்: "நாளைக்கு இருபது."

தூறல் விழுந்தது.
ஓடிப்போய் தார்ப்பாய் ஓரத்தில் செங்கல் வைத்து அமுக்கிவிட்டு
ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தேன்.
கையுறையைக் கழற்றினேன்.
தோள்கவசத்தில் விரல் வைத்தபோதுதான் உறைத்தது:
இதைக் கழற்றினால்
அவளுடைய பத்தொன்பதும் கழன்றுவிடும்.
எழுபத்தெட்டுக்கு எதிரே நின்றதுதானே அது.
கையுறையைத் திரும்ப மாட்டினேன்.

அப்படியானால் போட்டியில் கவசம் வேண்டும் என்கிறாயா
என்று சமதர்மன் கேட்டால்
வேண்டாம் என்றுதான் சொல்வேன்.
அந்த மண்டபத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது.
ஆனால் இந்த ராத்திரியை
அவன் விதிக்குத் தர மாட்டேன்.

காலையில் முதல் மூட்டை ஏறியது.
"சாக்கைக் கழிச்சியா?" என்றார் பூவனூர்க்காரர்,
நம்பாமல்.
கழித்தேன்.
நெல் கொட்டிய வெறும் சாக்கை
எதற்கோ
ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்தேன்.