ஸ்டான்லியில் எடுத்த படங்கள்

லைட்டுப் பொட்டில வரிசையா மாட்டிட்டு
இன்னா அப்பிடிப் பாக்குற டாக்டரம்மா?
ஒண்ணொண்ணா சொல்றேன், எழுதிக்க.

இந்த வெலா, எழுவத்தாறு. எண்ணூர் மொகத்துவாரம்.
பாலத்துலேர்ந்து குதிச்சது சக்ரதர் ராவ்,
தண்ணில வுழுந்தது நானு.
மணிக்கட்டு அவரோட மொதோ வெள்ளிவிழா.
ஒடைக்கிறதுக்குன்னு செஞ்ச கண்ணாடி வந்து சேரல;
வெயிலு போவுதுன்னாரு டைரக்டரு.
நெசக் கண்ணாடில பூந்துட்டேன்.
காறை எலும்பு, குதிர.
அந்தக் குதிரைக்கே ஒரு டூப்பு இருந்துச்சு. சிரிக்காத.

தெனாலிக்காரு அவரு. பாட்டு வரலன்னு
நாடகக் கம்பெனில தொரத்தி வுட்டாங்க.
பழைய வண்ணாரப்பேட்ட லாட்ஜுல, மாடிப்படிக்குக் கீழ
ஆறு மாசம், ஒரே டெரிலின் சட்ட.
நான் காசிமேட்டுல கட்டுமரம் தள்ளினு இருந்தவன்.
ஸ்டுடியோ டெய்லரு ரெண்டு பேரையும் நிக்கவெச்சு
தோளுக்குத் தோளு டேப்பு புட்சாரு.
ஒரே நம்பரு.
அன்னிலேர்ந்து என்ன மட்டுந்தான் அளந்தாங்க.
அவுரு எளைச்சா எனக்கு சோறு கொறைஞ்சுது.
எம்பத்தொம்போதுல அவருக்குத் தொப்ப வுழ,
என் வயித்துல பஞ்சு கட்டுனாங்க.

அதுக்குள்ள சினிமா மொத்தமும் ஐதராபாத்துக்குப் போயிருந்துச்சு.
மலைமேல வூடு கட்டினாரு.
நான் சார்மினார் எக்ஸ்பிரஸ்ல போய்ப் போய் வுழுந்துட்டு வருவேன்.
கொருக்குப்பேட்ட கேட்டுல எங்க கஜா நிப்பா.
பிஸ்கோத்துப் பொட்லத்த வாசல்லேர்ந்து வீசுவேன்.
வண்டி நிக்காது.

தண்டையார்பேட்ட கொட்டாயில ஞாயித்துக்கெழம காலைல தெலுங்குப் படம்.
அவரு மொகத்துக்கு விசில் பறக்கும்,
கஜா கம்முனு குந்தினு இருப்பா.
முதுகு வந்தாத்தான் கைதட்டுவா.
பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரி திரும்பிப் பாப்பா.

எலெக்சன்ல நின்னாரு. டெபாசிட் போச்சு.
அதுக்கு மட்டும் என்னக் கூப்புடல.

போன மாசம் டிவில சால்வ போத்துனாங்க, பாத்தியா?
சினிமாவுக்கு என் எலும்பக் குடுத்தேன்னு அழுதாரு.
கஜாவுக்குக் கோவம்.
வுடு, ஒரே நம்பருதானன்னேன்.

கடசிப் படம். எழுவத்தியோரு வயசு. நாலடி மதிலு.
இன்ஷூரன்ஸ்காரன் கெஞ்சுறான், டூப்பு வேணாங்கறாரு.
என்னத் தன் சேருல குந்தவெச்சாரு, கொடையோட, எளநியோட.
மதில் மேல ஏறி நின்னுகினு,
"கிந்த எலா உந்தி, தேசப்பா?"
கீழ எப்பிடி இருக்குன்னு கேக்குறாரு.
தரைய எப்பவும் நாந்தான பாப்பேன்.
"ராள்ளு உன்னாயி"ன்னேன். கல்லு கீது.
தலைய ஆட்டிட்டுக் குதிச்சுட்டாரு.
வேட்டில தூசி தட்டினு
கட் சொன்னப்புறமும் நடந்துகினே போனாரு.

இன்னா, எடது முட்டியா?
அது அன்னிக்குத்தான். சேருலேர்ந்து எழுந்திருக்கறப்ப
டொக்குன்னுது.
அந்தப் படத்துல நான் இல்ல.

எழுதிட்டியா?
இன்னாது... கால்சியமா.