அப்படியொரு முகவரி இல்லை

மூன்றாம் முறையாகச் சேர்வர் விழுந்தது,
பின்னேரம் நாலரைக்கு.
சம்மாந்துறை ஆலை வாசலில்
இருபத்தாறு ட்ரக்டர்,
பெரும்போக நெல், ஈரம் பதினாறு வீதம்,
அம்பாறைப் பக்கம் மழை கறுக்கிறது.
தராசுக் கூண்டிலிருந்து ஜவாஹிர் கத்துகிறான்:
"நுஸ்கியா, திரும்பவும் செத்திட்டு!"

சாகவில்லை.
கேர்னல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது,
இனி நடந்தால் இன்னும் கெடுப்பேன் என்று தெரிந்தவன்
நடுவழியில் குந்திவிடுவதைப் போல.
இதைச் சொன்னால் ஆதம்பாவா ஹாஜியார்
"அப்ப ஓதிப் பாப்பமா" என்பார்,
பாதி பகிடியாய்.

நானும் முதலில் பிழையான ஆளைத்தான் பிடித்தேன்.
மெமரியைக் கழற்றி உமி தட்டினேன்.
கரண்டைச் சந்தேகித்தேன்.
ஸ்க்ரூட்ரைவரை டிஸ்க் பெட்டியில் ஊன்றிப்
பிடியில் காது வைத்தேன்,
கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுதா என்று
துடுப்பில் காது வைப்பவர்களைப் போல.
பாட்டு ஒன்றுமில்லை.
டிக்.
நீண்ட இடைவெளி.
டிக்.
உயிர் இருந்தது, மெதுவாக.

இரவு பத்துக்குப் பிறகு ஆலை அடங்கியது.
விழுந்த கணத்து நினைவைக் கோப்பாக எடுத்து
அடியிலிருந்து மேலே வாசித்தேன்:
யார் யாரை அழைத்தார், அவர் யாரை அழைத்தார்,
கடைசியில் எங்கே போகப் பார்த்தார்.
போகவேண்டிய முகவரி இருக்கும் இடத்தில்

4d414854494d4153

அப்படியொரு முகவரி இல்லை.

அரை மணித்தியாலம் அதை எண் என்றே பார்த்தேன்.
பிளேன்டீக்குள் ஈசல் விழுந்தது.
பிறகுதான் புத்தி வந்தது,
இந்த மெஷின் வரிசையைப் புரட்டிக் காட்டும் என்று.
பின்னிருந்து இரண்டிரண்டாய் எழுத்தாக்கினேன்:
எஸ், ஏ, எம், ஐ, ரீ, எச், ஏ, எம்.
எட்டுப் பைட்டில் அவ்வளவுதான் கொள்ளும்.
மிச்சம் இரண்டெழுத்து அடுத்த அறையில்.

சாமித்தம்பி.
வீரமுனை. சம்பா. நாற்பத்தொரு மூட்டை,
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
கேர்னல் அந்த மனுசனின் பெயரை
வழி என்று நம்பிக் கால் வைத்திருக்கிறது.

விடிய ஹாஜியாரிடம் சொன்னேன்: ட்ரைவரில் பிழை.
"மஜீதா? அவன் நேத்து லொறியே எடுக்கல்லையே."
இல்லை ஹாஜியார், டிஸ்கோடு பேசுகிற ட்ரைவர்.
அது ஒரு பதிவைக் கேட்டது.
முப்பது செக்கன் பார்த்திருந்தது.
இனி வராது என்று தானே முடிவெடுத்து
வாங்கிவைக்க ஒதுக்கிய இடத்தை
இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது.
டிஸ்குக்கு அதை யாரும் சொல்லவில்லை.
முப்பத்தோராம் செக்கனில் அது கேட்டதோடு வந்து
பழைய இடத்திலேயே இறக்கியது.

தாடியைத் தடவினார்.
"டோக்கன் கூப்பிட ஆளில்லாட்டி
ஜவாஹிர் அந்த இடத்த அடுத்தவனுக்குக் குடுப்பான்.
டீ குடிக்கப் போனவன் வந்து
மற்றவன்ட நாட்டுக் குவியலுக்கு மேல
தன்ட சம்பாவக் கொட்டுவான். அப்படியா?"
அப்படியேதான்.
"போன போகம் நடந்த," என்றார். "அடிபிடி."

திருத்தம் பதினொரு வரி.
இடத்தைக் கொடுக்குமுன் டிஸ்கிடம் சொல்: வேண்டாம், நிறுத்து.
நிறுத்தினேன் என்று அது சொல்லும்வரை பொறு.
அதுவும் சொல்லாவிட்டால் மீளத் தொடக்கு,
பிறகுதான் அடுத்தவர்.
முதல் தடவை நான் எழுதியதே பிழைத்துப்போய்
கேர்னலை இன்னொருமுறை குந்தவைத்தேன்.
ஜவாஹிருக்குச் சொல்லவில்லை.
இரண்டாம் தடவை,
டிஸ்கை வேண்டுமென்றே நாற்பது செக்கன் பிந்த வைத்தும்
விழவில்லை.

பத்து மணிபோல் கூண்டு ஜன்னலில் ஒரு தலைப்பாகை.
நேற்று நிறுத்த நெல்லுக்குத் துண்டு வரவில்லையாம்.
பெயர் சொன்னார்.
திரையைப் பார்க்காமலே எடையைச் சொன்னேன்.
"பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"
உங்கள் பெயர் இரவு முழுக்க என்னோடு இருந்தது
என்றா சொல்வது?

பிரின்டர் இழுத்தது, பத்தெழுத்தும் முழுதாக.
துண்டைத் தூரப் பிடித்து வாசித்தார்,
கிட்டப் பிடித்து வாசித்தார்.
"ஈரத்துக்கு இவ்வளவா கழிச்சிருக்கிற?"
என்று தொடங்கினார்.