நாலும் எட்டும் சொல்லக்கூடாது

முத்தியால்பேட்டை, டயர் கடைக்கு மேலே மொட்டை மாடி,
சனிக்கிழமை ஏழு மணி.
ஆண்கள் மூவர், பெண்கள் ஏழு பேர்.
ஜோடி சேரவில்லை என்று
குணவதியையும் என்னையும் ஆண்வரிசையில் நிறுத்தினாள் ஜெசிந்தா.
என்ன வேலை என்று கேட்டாள்.
மின்துறையில் லைன்மேன் என்றேன்,
பெண்ணுக்கும் அதே பெயர்தான்.
அப்போ ஏற்கெனவே மேன்தானே என்றாள்.

ஒன்று இரண்டு மூன்று,
ஐந்து ஆறு ஏழு.
நாலையும் எட்டையும் சொல்லக்கூடாது.
சொல்லாத இடத்தில் கால் நிற்கும்,
உடம்பு நிற்காது.
இது விளங்க எனக்கு மூன்று வாரம்,
ஒரு மாதக் கட்டணத்தில் முக்கால்வாசி.

கூபாக்காரர்கள் வைத்த பெயர்கள்.
அவள் கத்துவாள், வட்டம் திரும்பும்.
'தாமே' என்றால் தா, அடுத்தவளை எனக்குத் தா.
முதல் நாள் நான் அதைத் தமிழில் கேட்டுவிட்டேன்.
தாமாகவே வருவார்கள்போல என்று நின்றேன்.
வில்பிரட்டின் முழங்கை வந்தது, என் விலாவுக்கு.

'என்சூஃப்லா' என்றால் ப்ளக்கைச் சொருகு.
அதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
'செத்தெந்தா' எழுபதாம்.
ஏன் எழுபது, அறுபத்தொன்பதுக்கு என்ன ஆயிற்று,
ஜெசிந்தாவுக்கே தெரியாது.
அவள் கை அவள் முதுகுக்குப் பின்னால் போய்த் திரும்ப வேண்டும்;
நான் ஆட்டினால் போகும், திரும்பாது,
போலீஸ் பிடித்த மாதிரி நிற்போம் இருவரும்.

'தீலே கே நோ':
அவளிடம் மாட்டேன் என்று சொல்.
சொல்லும் விதம் இது.
உன் நெஞ்சுக்குக் குறுக்கே அவளை நடத்தி
உனக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்து.
கையை மட்டும் விடாதே.
மாட்டேன் என்பதே இப்படியென்றால்
சரி என்பதை எப்படித்தான் ஆடுவார்களோ.

ஐந்து தாமேவுக்கு ஒரு தரம் சங்கமித்திரை வருவாள்.
எங்கள் செக்‌ஷன்தான். ஒரே ஜீப், ஒரே ஏணி.
புயல் டியூட்டி பேட்டா பட்டியலில்
என் பெயரை விட்டவள்.
மறதி என்றாள்.
ஆறு ராத்திரி, இடுப்பளவு தண்ணீர், மறதி.
இரண்டு வருடமாய்
நான் ஏறினால் அவள் ஏணியைப் பிடிப்பாள், அழுத்தமாகத்தான்.
லைன் ஆஃப் என்பதைக்கூட
மேஸ்திரியிடம் சொல்வதுபோல் காற்றிடம் சொல்வாள்.
இங்கே எட்டு எண்ணும்வரை அவள் கை என் கையில்.
கண்ணைப் பாருங்கள் என்பாள் ஜெசிந்தா.
இருவரும் செல்போன் டவரைப் பார்ப்போம்.

போன சனி, என்சூஃப்லா என்று அவள் கத்திய நொடியில்
கரண்ட் போயிற்று.
பாட்டு, மாடி விளக்கு, தெரு, மூலைப் பரோட்டாக்கடை.
எல்லோரும் சிரித்தார்கள், என் பக்கம் திரும்பி;
இருட்டிலும் அது தெரியும்.
நிறுத்தாதீங்க என்று ஜெசிந்தா கைதட்ட ஆரம்பித்தாள்,
நாலிலும் எட்டிலும் தட்டாமல்.

தாமே.
ஒரு வியர்த்த கை.
தாமே.
மோதிரம் இறுகிய கை.
தாமே.
கட்டைவிரலுக்குக் கீழே பிளையர் காய்ப்பு.

கைப்பிடிச் சுவர்மேல் எங்கள் இரண்டு போனும்
ஒரே நேரத்தில் அடித்தன.
"ஃபீடர் இல்ல, ஃப்யூஸ்தான்.
அந்தப் பக்கம் கோயில் கோபுரத்துல லைட் எரியுது பாரு."

பாரு என்றாள்.
மேஸ்திரியை யாரும் பாரு என்பதில்லை.
என் கால் தப்பியது.
நாலு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

யாரது எண்ணுறது, என்றாள் ஜெசிந்தா.
போன் அடித்தபடி இருக்க
கீழிருந்து டயர் கடைக்காரரும் தன் பங்குக்குக் கூப்பிட
இன்னும் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் இறங்கினோம்.
ஏணியில் யார் ஏறுவது என்று
படிக்கட்டு முழுக்கச் சண்டை.